எஸ்டோனியா இளைஞர் பரிமாற்றம்: பொறுப்பான நுகர்வு பேசும் முகாமில் அன்றாடம் எப்படி இருக்கும்?

நூல்கண்டு

ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் எராஸ்மஸ் என்று சொன்னால், ஒரு செமஸ்டர் வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பது என்றுதான் நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அதே எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இளைஞர் பரிமாற்றம் என்று ஒன்று இருக்கிறது. பல நாட்டு இளைஞர்கள் ஒரே இடத்தில் தங்கி ஒரு தலைப்பைப் பற்றிப் பேசிப் பழகும் முகாம் அது. 13 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் போகலாம், மாணவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பயண நாள்களைச் சேர்க்காமல் 5 நாளிலிருந்து 21 நாள் வரை நடக்கும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குறைந்தது 4 பேரும் ஒரு குழுத்தலைவரும் வருவார்கள்.

நான் ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். போன ஆகஸ்டில் ஜெர்மனிக் குழுவோடு எஸ்டோனியா போனேன். எஸ்டோனியா, லாட்வியா, இத்தாலி, துருக்கி, ஜெர்மனி ஆகிய நாட்டுக் குழுக்கள். தலைப்பு பொறுப்பான நுகர்வு. தார்த்து நகரிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில், ஊருக்கு வெளியே ஒரு பழைய பள்ளிக்கட்டடம். வகுப்பறைகளில் இரண்டடுக்குக் கட்டில், பெரிய சமையலறை, பின்னால் சவுனா என்கிற வெப்பக் குளியலறை, அதற்குப் பின்னால் காடு.

"அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று வீட்டிலும் நண்பர்களும் கேட்கிறார்கள். அமர்வுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பாடம் நடந்தது சமையலறையில். அதை எழுதத்தான் இந்த இழை.

ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு நாளும் ஒரு கலப்புக் குழு சமைக்க வேண்டும், ஒரே நாட்டுக்காரர்கள் சேர்ந்துகொள்ளக் கூடாது. காலையில் அன்றைய சாப்பாட்டுப் பணத்தை ஒரு டப்பாவில் போட்டு அந்தக் குழுவின் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்கடைக்குப் போய் வாங்கி, மூன்று வேளையும் சமைத்து, ராத்திரி ரசீதுகளைச் சுவரில் ஒட்ட வேண்டும். தட்டில் மிச்சம் வைக்கிற சாப்பாடு எல்லாம் ஒரே வாளியில் போகும். படுக்கப் போகும் முன் அந்த வாளியை எல்லோர் முன்னாலும் எடை போட்டு, எடையையும் அதே சுவரில் எழுதுவார்கள். யாரையும் திட்ட மாட்டார்கள், பரிசும் கிடையாது. எடை மட்டும்தான்.

முதல் இரண்டு நாள் வாளி கனமாக இருந்தது, பெரும்பாலும் பாஸ்தாவும் ரொட்டியும். மூன்றாம் நாள் ராத்திரி உட்கார்ந்து பேசினோம். யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சமைத்தோம், வரிசையில் நின்றவர்களுக்குப் பெரிய கரண்டியால் நாங்களே அள்ளி வைத்தோம், அதனால் மிஞ்சியது. கரண்டியைச் சின்னதாக்கினோம். பாத்திரத்தை மேசைக்கே கொண்டுவந்து, வேண்டியவர்கள் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டோம். அடுத்த நாளே வாளி பாதியானது. இருந்தவர்கள் அதே ஆட்கள்தான், யாருக்கும் புதிதாக நல்ல புத்தி வந்துவிடவில்லை.

மிஞ்சிய கறுப்பு ரொட்டிக்கு எஸ்டோனியப் பிள்ளைகள் வழி வைத்திருந்தார்கள். ஊறவைத்து, காய்ச்சி, மசித்து, உலர் திராட்சை சேர்த்து, மேலே அடித்த கிரீம் வைத்து இனிப்பாகச் சாப்பிடுவார்கள். லெய்வசுப் என்று பெயர். ரை என்ற தானியத்தில் செய்யும் அந்த ரொட்டி எனக்கு முதலில் புளிப்பாக இருந்தது, ஆனால் இந்த இனிப்பை நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். காட்டைப் பற்றியும் மற்றதையும் பிறகு எழுதுகிறேன்.

மஞ்சள்காடு

நல்ல பதிவு அக்கா. நானும் ஜெர்மனியில்தான் படிக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா? செலவு எவ்வளவு ஆகும்? நான் சுத்த சைவம், அங்கே என்ன சாப்பிடுவது? ஒரு நாள் எப்படிப் போகும் என்றும் சொல்லுங்கள்.

நூல்கண்டு

சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது முக்கியமில்லை, அனுப்பும் நாட்டில் நீங்கள் முறைப்படி வசிக்க வேண்டும். உங்கள் வசிப்பு அட்டை நடப்பில் இருந்தால் எஸ்டோனியா போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, தனி விசா தேவையில்லை. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் திட்டப் பணத்தில். பயணச் செலவை நாம் முதலில் போட்டு, டிக்கெட்டைக் காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தொலைவைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் நினைவில் வைத்து, கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய காப்பீட்டு அட்டை, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் இப்படிப் போகும். காலை எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்கு எனர்ஜைசர், அதாவது தூக்கம் கலையக் குதிக்கிற ஆட்டம். அப்புறம் மதியம் வரை ஓர் அமர்வு, நடுவில் காபி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு, மாலையில் இன்னோர் அமர்வு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவரவர் நாட்டுக் குழுவாக உட்கார்ந்து அன்றைக்கு என்ன பிடித்தது, என்ன உறுத்தியது என்று பேசுவார்கள். ராத்திரி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலாச்சார இரவு. கடைசி நாள் யூத்பாஸ் என்ற சான்றிதழ். அதில் நீங்கள் என்ன கற்றீர்கள் என்பதை நீங்களேதான் எழுத வேண்டும்.

சைவம் பிரச்சினையே இல்லை. எங்கள் முகாமில் சமையல் முழுக்கச் சைவம் என்று முதல் நாளே கூட்டாக முடிவானது. இறைச்சி வாங்கினால் டப்பாப் பணம் மதியத்தோடு தீர்ந்துவிடும் என்பதுதான் பாதிப் பேரைச் சம்மதிக்க வைத்தது. பருப்பும் தக்காளியும் உருளைக்கிழங்கும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். மசாலா டப்பாவை மட்டும் கொண்டுபோங்கள்.

கணக்குப்பிள்ளை

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். இத்தாலியிலிருந்தும் துருக்கியிலிருந்தும் விமானம் ஏறி வந்து, மிச்சப் பாஸ்தாவை எடை போட்டால் கணக்கு எங்கே நேராகும்? ஒரு விமானப் பயணத்தின் புகைக்கு எத்தனை வாளிப் பாஸ்தா ஈடாகும்?

நூல்கண்டு

இதே கேள்வியை லாட்விய நண்பர் ஒருவர் முதல் நாளே சபையில் எழுப்பினார், நல்லதுதான். ஈடாகாது. லாட்வியக் குழு பேருந்தில் வந்தது. நாங்கள் ஜெர்மனியிலிருந்து போலந்து, லிதுவேனியா, லாட்வியா வழியாகப் பேருந்து மாறி மாறி வந்தோம். உடம்பு நொந்துவிட்டது, ஆனால் முடிந்தது. ரயில், பேருந்தில் வருபவர்களுக்குத் திட்டத்திலேயே கூடுதல் ஆதரவும் கூடுதல் பயண நாளும் உண்டு. இத்தாலிக் குழுவும் துருக்கிக் குழுவும் விமானத்தில் வந்தார்கள். துருக்கிக் குழுவுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அவர்களுக்கு விசா வேண்டும், ஒருவருக்குக் கிடைக்கவே இல்லை. அவரைப் பார்த்து நீங்கள் பஸ்ஸில் வந்திருக்கலாமே என்று எந்த முகத்தோடு சொல்வது?

என் கருத்து, தூரத்து நாடுகளை இப்படி ஒரு வாரத்துக்கு அழைப்பது வீண். அழைத்தால் மூன்று வாரம் வரை வைத்துக்கொள்ளத் திட்டத்திலேயே இடமிருக்கிறது. விண்ணப்பம் எழுதுபவர்கள் குறுகிய காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வடகடல்

வணக்கம். நான் நோர்வேயில் இருக்கிறன், என்ர மகள் போன வருசம் இப்படியொரு பரிமாற்றத்துக்குப் போய் வந்தவள். நூல்கண்டு எழுதின ஏற்பாடு பற்றிய கதை எனக்கு நல்லா விளங்குது. இங்கே போத்தலுக்கும் தகரத்துக்கும் வைப்புப் பணம் உண்டு, சின்னதுக்கு 2 குரோனர், அரை லீட்டருக்கு மேலே 3 குரோனர். கடை மெசினில் போட்டால் காசு திரும்ப வரும். பத்துப் போத்தலில் ஒன்பதுக்கு மேலே திரும்பி வருது. அதுக்காக நோர்வேச் சனம் எல்லாரும் சூழல் பக்தர்கள் என்று நினைக்கக் கூடாது. கொண்டுபோய்க் குடுக்கிறது லேசு, எறிஞ்சால் காசு நட்டம். அவ்வளவுதான். எஸ்டோனியாவில் எப்படி?

நூல்கண்டு

அங்கேயும் உண்டு ஐயா, 2005 முதல். ஒரு போத்தலுக்கு 10 சென்ட். ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போத்தலுக்கு 25 சென்ட், 2003 முதல். இத்தாலிப் பிள்ளைகளுக்கு இது புதிது. கடை வாசலில் மெசின் முன்னால் நின்று போத்தலைப் போட்டுப் பார்த்து அப்படி ரசித்தார்கள். வந்த காசு பொது டப்பாவுக்கே போனது.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம் என்பதை எஸ்டோனியக் குழு சொன்ன பிறகு போத்தல் வாங்குவதே அநேகமாக நின்றுவிட்டது. இது முதல் நாள் சொல்ல வேண்டிய செய்தி. வரவேற்புத் தாளில் வைஃபை கடவுச்சொல் பெரிய எழுத்தில் இருந்தது, தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த முகாமுக்கு அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்.

ஊர்க்காரப் பிள்ளைகள் இன்னொரு கதையும் சொன்னார்கள். 2008 மே 3 அன்று எஸ்டோனியாவில் 50,000 பேர் ஒரே நாளில் இறங்கி, காடுகளில் கொட்டிக் கிடந்த சுமார் 10,000 டன் குப்பையை அள்ளினார்கள். அந்த நாட்டு மக்கள்தொகை அப்போது 13 லட்சத்து சொச்சம். உலகத் தூய்மை நாள் என்று இப்போது நடப்பதற்கு வேர் அதுதான். எங்களுக்குக் கதை சொன்ன பெண் அப்போது சின்னக் குழந்தை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனாளாம். அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அள்ளினவர்களே அதற்கடுத்து, இந்தக் குப்பை ஏன் காட்டுக்கு வருகிறது என்று கேட்க ஆரம்பித்தார்களாம்.

சீன்நதி

பிரான்சிலிருந்து. சில வருடம் குழுத்தலைவராகப் போயிருக்கிறேன், ஒரு வார்த்தை சேர்க்கிறேன். ஏற்பாடுதான் முக்கியம் என்பது சரி. ஆனால் நூல்கண்டு சொல்கிற அந்த மூன்றாம் நாள் ராத்திரிப் பேச்சு இல்லையென்றால் ஏற்பாடு வெறும் விடுதி விதியாகிவிடும். நான் போன ஒரு முகாமில் அமைப்பாளர்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவைத்திருந்தார்கள். சைவம், குட்டித் தட்டு, ஐந்து நிறக் குப்பைத்தொட்டி, எல்லாம் இருந்தது. பிள்ளைகள் ராத்திரி ரகசியமாக பீட்சா வரவழைத்தார்கள். பணமும் முடிவும் அவர்கள் கைக்கு வரவேண்டும், அதுதான் முதல் படி.

அப்புறம் தேதி. இளைஞர்கள் சாப்பாட்டைத் தூக்கி எறிவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் பொட்டலத் தேதி. ஐரோப்பாவில் இரண்டு வகைத் தேதி உண்டு. ஒன்று, இந்தத் தேதி வரை சிறப்பாக இருக்கும் என்பது. பிஸ்கட், பாஸ்தா, அரிசியில் பார்ப்பது இது. தேதி தாண்டினாலும் முகர்ந்து, ருசித்துப் பார்த்துச் சாப்பிடலாம். இன்னொன்று, இதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது. பச்சை இறைச்சி, மீன் போன்றவற்றில் வரும், அதை மீறக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீணாகும் உணவில் 10% வரை இந்தத் தேதிக் குழப்பத்தோடு தொடர்புடையது என்று ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு ஒன்று சொல்கிறது. முகாமில் குளிர்பெட்டியைத் திறந்துவைத்து இதை அரை மணி நேரம் செய்தால் போதும், வாழ்நாள் முழுக்க மறக்காது.

கணக்குப்பிள்ளை

நான் கேட்க வந்தது இன்னொன்று. இதெல்லாம் வாங்குகிறவன் தலையில் பொறுப்பைக் கட்டுவது ஆகாதா? பிளாஸ்டிக்கில் சுற்றித் தருகிறவன் கம்பெனிக்காரன். அவனைக் கேட்காமல் இருபது வயதுப் பிள்ளையிடம் வாளி எடை போடச் சொல்கிறோம். நம் ஊரில் ரேஷன் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவரிடம் போய் பொறுப்பாக நுகருங்கள் என்று சொல்ல முடியுமா?

நூல்கண்டு

சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குறைவாக வாங்குகிறவருக்கு இந்தப் பாடம் தேவையில்லை.

கம்பெனி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஐரோப்பாவில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி எல்லாம் கடையிலிருந்து போனது யாரும் திருந்தியதால் இல்லை. 2019-இல் ஒன்றியம் சட்டம் போட்டது, 2021 ஜூலை 3 முதல் விற்கத் தடை. போத்தலோடு மூடி ஒட்டியே இருக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலையில் வந்தது. முகாமில் ஒரு மதியம் முழுக்க இதைத்தான் பேசினோம். பாதிப் பேருக்கு அந்த மூடி ஏன் கழன்று வரவில்லை என்றே தெரியாமல் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சட்டம் மட்டும் என்று சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை. 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60% வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. வீட்டுக்குள் எந்தக் கம்பெனியும் எந்தச் சட்டமும் வந்து கரண்டியைச் சின்னதாக்காது. கூட வசிக்கிறவர்கள்தான் பேசி மாற்ற வேண்டும். அந்தப் பேச்சைப் பழகத்தான் அந்த வாளி.

கணக்குப்பிள்ளை

கரண்டி வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். விமானக் கணக்கில் நான் இன்னும் இறங்கி வரவில்லை.

மஞ்சள்காடு

காட்டைப் பற்றி ஏதோ எழுதுவதாகச் சொன்னீர்களே அக்கா?

நூல்கண்டு

எழுதுகிறேன். எஸ்டோனியாவில், தனியார் காடாகவே இருந்தாலும் வேலியோ தடையோ போடாத காட்டில் யாரும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். அது அங்கே எல்லோருக்கும் உள்ள உரிமை. ஆகஸ்டில் அவுரிநெல்லி என்று சொல்கிற நீலப் பழம், அப்புறம் மஞ்சள் நிறக் காளான் ஒன்று, குக்கெசேன் என்பார்கள். ஊர்ப் பாட்டி ஒருவர் கூட வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் பறித்த ஒவ்வொரு காளானையும் கையில் வாங்கிப் பார்த்து, கூடையில் போடுவார் அல்லது புதரில் எறிவார். தெரியாத காளானைச் சாப்பிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அன்று ராத்திரி வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்கி உருளைக்கிழங்கோடு சாப்பிட்டோம். டப்பாப் பணத்தில் அன்றைக்குத்தான் அதிகம் மிஞ்சியது.

அப்புறம் துணி. ஆளுக்கு மூன்று துணி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், நடுக்கூடத்தில் தொங்கவிட்டு மாற்றிக்கொள்ளும் சந்தை. அதற்கு முன்னால் ஓர் அமர்வு: போட்டிருக்கும் சட்டையின் கழுத்துப் பட்டியைப் படித்து, எங்கே தைத்தது என்று உலக வரைபடத்தில் குண்டூசி குத்த வேண்டும். பங்களாதேஷிலும் துருக்கியிலும் இந்தியாவிலும் குண்டூசிக் கூட்டம். துருக்கிக் குழுவில் ஒரு பெண் தெனிஸ்லி ஊர், அங்கே துண்டு நெய்வதுதான் பெருந்தொழில். ஆர்டர் குறைந்தால் அவர்கள் தெருவே எப்படி வாடும் என்று சொன்னாள். அதுவரை "குறைவாக வாங்குவோம்" என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்த கூடம் அமைதியானது. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அவள் அதைக் காட்டி, இதில் தைப்பவர் எங்கே என்று கேட்டாள். பதில் சொல்ல அங்கே யாரிடமும் போதுமான விவரம் இல்லை. இங்கே திருப்பூர்க்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து பனியன் தொழில், இப்போது சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன்.

அந்த 2,700 லிட்டரில் பெரும்பகுதி பருத்திக் காட்டில் செலவாவது. சாயப்பட்டறையில் ஆகும் தண்ணீர் அதைவிட மிகக் குறைவு. ஆனால் எங்கள் ஊரைக் கெடுத்தது அந்தக் குறைந்த தண்ணீர்தான். உப்பும் சாயமும் சேர்ந்து நொய்யல் ஆற்றில் போய், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட வைத்தது. அந்த வருடம் ஊர் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வடநாட்டுத் தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயில் ஏறினார்கள். விவசாயிகள் கேட்டது நியாயம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இப்போது ஜீரோ டிஸ்சார்ஜ். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சுவதை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்க வேண்டும். கரண்டும் விறகும் அதற்கு எரிகிறது. கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிற்கிறது. இந்தச் செலவு சட்டை விலையில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவர்கள் இதே விதி இல்லாத ஊர் விலையைக் காட்டி எங்களிடம் பேரம் பேசுகிறார்கள். சுத்தமாகச் செய்கிறவனுக்கு விலை கட்டவில்லை என்றால் எவ்வளவு நாள் செய்வான்?

அதனால் அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்வது: வாங்காதே என்று சொல்லாதீர்கள். வருடத்துக்குப் பத்து வாங்குகிற இடத்தில் நான்கு வாங்குங்கள், அந்த நான்குக்குச் சரியான விலை கொடுங்கள். கட்டிங் வேஸ்ட்டை நாங்கள் ஒருநாளும் எறிந்ததில்லை. நிறம் நிறமாகப் பிரித்து, திரும்ப நூலாக்கப் போகிறது, மிச்சம் மெசின் துடைக்கப் போகிறது. எறிவது எல்லாம் சட்டை கடைக்குப் போன பிறகுதான்.

வடகடல்

இப்படி ஒரு ஆள் அந்த அமர்வில் இருந்திருக்க வேணும். வரைபடத்தில் ஊசி குத்தினது காணாது.

சீன்நதி

உண்மை. எந்த முகாமிலும் செய்து தருகிற பக்கத்தின் குரல் வருவதே இல்லை, கூப்பிடுவதற்குப் பணத்தில் இடமும் இல்லை. காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் கூட்டி வரலாம், அதற்குச் செலவே கிடையாது.

நூல்கண்டு

நொய்யல்கரை அண்ணா, மனமார்ந்த நன்றி. முகாம் முடிந்த பிறகு ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் ஏதாவது நடத்த வேண்டும், அது திட்டத்தின் பகுதி. நாங்கள் விடுதியில் செய்தது, குளிர்பெட்டியில் ஒரு தட்டை எல்லோருக்கும் பொதுவாக்கியது. ஊருக்குப் போகிறவர்கள் மிச்சத்தை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். அது நடக்கிறது. அடுத்ததாகத் துணி மாற்றுச் சந்தை ஒன்று வைக்கிறோம். நீங்கள் எழுதியதை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து அங்கே ஒட்டலாமா? முடிந்தால் ஒரு சட்டையின் விலையில் நூலுக்கு எவ்வளவு, நிட்டிங், சாயம், தையல், செக்கிங், பேக்கிங் எவ்வளவு என்று பிரித்துத் தர முடியுமா? அந்தத் துருக்கித் தோழி தன் ஊர்க் கணக்கைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மஞ்சள்காடு

சந்தை எந்த ஊரில் அக்கா? ரயிலில் வரக்கூடிய தூரம் என்றால் நான் வருகிறேன். மொழிபெயர்ப்பிலும் சேர்ந்துகொள்கிறேன், ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வு முடித்திருக்கிறேன்.

நூல்கண்டு

தனிச்செய்தியில் விவரம் அனுப்பியிருக்கிறேன். கண்டிப்பாக வாருங்கள், மூன்று துணியோடு.

நொய்யல்கரை

தாராளமாக ஒட்டுங்கள் தங்கச்சி. கணக்கு பிரித்துத் தருகிறேன், ஆனால் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி) வெள்ளை ரவுண்ட் நெக், அரைக்கை, இதை வைத்துத்தான் போடுவேன். பிரின்ட், எம்ப்ராய்டரி சேர்த்தால் ஒப்பிட முடியாது. உங்கள் தோழியையும் அதே சட்டைக்குப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் செலவைத் தனி வரியில் போடச் சொல்லுங்கள், சாயத்தோடு சேர்க்க வேண்டாம். இந்த வாரம் ஷிப்மென்ட் இருக்கிறது, அது போனதும் உட்கார்ந்து எழுதி இதே இழையில் போடுகிறேன்.